எனக்குக் காய்ச்சல் இல்லை

மகனே, எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பெங்களூரில் நீ வாங்கிய புது வீட்டில் பால் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்களிடமெல்லாம் “அம்மாவுக்கு நல்ல காய்ச்சல், எந்திரிக்கவே முடியல” என்று சொன்னாயே, அந்த நேரத்தில் நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அறையில், மூன்றாவது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, பி.ஏ. வரலாறு கடைசி வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன். பரீட்சை மையம் வரைக்கும் நடந்தே போனேன். இது உனக்குத் தெரியும். தெரிந்தே என்னைப் படுக்கையில் போட்டாய். மூன்று வாரமாக நீ என்னோடு பேசவில்லை. நான் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். போனில் சொன்னால் நடுவில் பேசி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. நீ நாற்பது பேரிடம் பொய் சொன்னாய். நான் மட்டும் எதற்கு உன் காதோடு உண்மை சொல்ல வேண்டும்? யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். உன் பேரைப் போடவில்லை, என் பேரையும் போடவில்லை. அந்த அளவுக்குத்தான் என்னால் இரக்கம் காட்ட முடியும்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கேள். அது உன் மனசில் பதிந்திருந்தால் நீ இப்படி நடந்திருக்க மாட்டாய். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை, அதில் கடைசி ஆறு வருஷம் மேற்பார்வை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வெளியே வருவேன். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்துக் குச்சி இருக்கும் இடம், கவனம் சிதறக் கூடாது என்று முதலாளி வைத்த சட்டம். ஒன்பது மணி நேரம் எந்தச் சொந்தக்காரரும் என்னைக் கூப்பிடுவதில்லை, நீயும் கூப்பிடுவதில்லை. தீக்குச்சிக்கு அவ்வளவு மரியாதை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சோறு வைத்து இறக்கினால் ஆறரை. ஆறரையிலிருந்து எட்டு மணி வரைக்கும் என் நேரம். ஞாயிற்றுக்கிழமை தொலைதூரக் கல்விக்காரர்கள் வைக்கும் வகுப்பைத் தவிர, ஒரு நாளில் எனக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நீ ஆபீசை விட்டு வண்டியில் ஏறுகிறாய். பெங்களூரில் டிராஃபிக். கார் நகராது. உனக்குப் போரடிக்கும். உடனே எனக்குப் போன் போடுவாய். “யம்மா, என்ன செய்யுத?” என்பாய். மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே நான் சொல்லுவேன்: “சும்மாதான் இருக்கேன்லே.” இரண்டு வருஷமாக நான் உன்னிடம் சொன்ன பொய் அது. நீ சொன்ன பொய்க்கு முன்னால் என் பொய்யை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளை கூப்பிடும்போது ‘படிக்கிறேன், பிறகு பேசு’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நீ எந்தச் சிக்னலில் நிற்கிறாய், எவன் குறுக்கே வந்தான், மத்தியானம் கேன்டீனில் என்ன போட்டான் என்று சொல்லிக்கொண்டே வருவாய். உன் வீட்டு வாசல் வந்ததும், “சரிம்மா, வீடு வந்துட்டு, வைக்கேன்” என்று வைத்துவிடுவாய். நான் புத்தகத்தைப் பார்ப்பேன். எந்தப் பக்கத்தில் விட்டேனோ அதே பக்கம். வரிகள் கண்ணில் படும், மண்டையில் ஏறாது. திரும்ப உள்ளே போக இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் உன் அப்பா சாப்பிட வந்துவிடுவார். நீ உன் நேரத்தைப் போக்க என் நேரத்தை எடுத்தாய். அதைப் பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. போன வருஷம் நீயும் படிக்கச் சேர்ந்தாய். வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு எம்.பி.ஏ. வகுப்பு. சேர்ந்த நாளிலிருந்து எனக்கு நீ போன் பண்ணிச் சொல்வதெல்லாம் ஒரே புலம்பல். “யம்மா, படிக்கவே விட மாட்டேங்காவ. உக்காந்தா மேனேஜர் கூப்பிடுதாரு. எந்திரிச்சா பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுதான். ஒரு மணி நேரம் சேர்ந்தாப்புல கிடைக்க மாட்டேங்கு.” இதை நீ நாற்பது நிமிஷம் சொன்னாய். என் ஆறரை மணியில், என் புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். நானும் “ஐயோ பாவம்லே, ஒன்னப் போட்டு இப்படிப் பாடுபடுத்துதாங்களே” என்று உச்சுக் கொட்டினேன். அன்றைக்குப் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

உன் வேலை நேரத்துக்கு நீ சட்டம் வைத்திருக்கிறாய். “யம்மா, பதினொண்ணுலருந்து ஒரு மணி வரைக்கும் கூப்பிடாத, முக்கியமான வேலை நேரம்” என்று நீ வேலையில் சேர்ந்த முதல் மாசமே சொன்னாய். ஏழு வருஷத்தில் நான் லீவில் இருந்த நாளில்கூட அந்த நேரத்தில் உன்னைக் கூப்பிட்டதில்லை. உன் அப்பாவின் மினி லாரி கயத்தாறு பைபாஸில் மக்காச்சோள மூட்டையோடு கவிழ்ந்து, அவர் கையில் கட்டுப்போட்ட அன்று நான் லீவு, சேதி வந்தபோது மணி பதினொன்றே கால். ஒன்று ஐந்துக்குத்தான் உனக்குச் சொன்னேன். அதை நீ கவனித்திருக்க மாட்டாய். கவனிக்க வேண்டிய அவசியம் உனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்று நான் சொல்கிறேன். நீ இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் மாலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்த்தாய். கஷ்டப்பட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. காலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்தான் உனக்குப் படிப்பு. அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் காவல் நின்றேன். விசில் சத்தம் கேட்கும் என்று ஏழு மணிக்கு முன்னால் குக்கர் வைத்ததில்லை. மிக்சி ஓடினால் உனக்குத் தொந்தரவு என்று சட்னிக்குத் தேங்காயும் மிளகாயும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்து வந்தேன், நாலு வருஷமும். பால்காரரிடம் மணி அடிக்காதீங்க என்று சொல்லிவைத்தேன். ஒரு நாள் ஐந்தரை மணிக்கு என் தம்பி பசுவந்தனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். வாசலிலேயே சத்தமாக “யக்கா” என்றான். நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தி, கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்றுதான் எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிற செய்தியைக் கேட்டேன். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உனக்குக் காப்பி கொடுத்தேன். ஏழு மணிக்கு நீ புத்தகத்தை மூடிய பிறகுதான் உனக்குத் தெரியும். உன் நேரத்தை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். அடுத்தவருக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு என்று உனக்குச் சொல்லித்தர மறந்துவிட்டேன். நான் செய்த தப்புகளில் பெரிய தப்பு இதுதான்.

இன்னொரு தப்பும் உண்டு. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு முறை இதே பி.ஏ.வுக்குச் சேர்ந்திருந்தேன். அது சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். மறுநாள் பரீட்சை. நீ வந்துகொண்டே இருந்தாய். தண்ணி வேணும். பென்சில் முனை உடைஞ்சுட்டு. கொசு கடிக்கி. பம்பரத்தைக் காணோம். பதினொரு முறை எழுந்தேன். பன்னிரண்டாவது முறை எழுந்து திரும்பி வந்தபோது, நீ என் பாடப் புத்தகத்தில் பேனாவால் கப்பல் வரைந்துகொண்டிருந்தாய். ஸ்கேலை எடுத்து அடித்தேன். கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். காலில் செருப்பில்லாமல் சிமென்ட் தளத்தில், அந்த வெயிலில், நீ அழுதுகொண்டு நின்றாய். கதவைத் திறந்தபோது உன் உள்ளங்கால் கன்றிச் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே நான் முடிவு பண்ணினேன்: படிக்கிறவள் நல்ல தாயாக இருக்க முடியாது. மறுநாள் பரீட்சைக்குப் போகவில்லை. புத்தகங்களைக் கட்டி, பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். உன்னை அடித்தது தப்பு. அதற்கு இன்றைக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த முடிவு அதைவிடத் தப்பு. உன் அப்பா அன்று அதே வீட்டில், அதே முன்னறையில், ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முறையும் நீ அவரைத் தாண்டித்தான் என்னிடம் வந்தாய். அவர் நல்ல தகப்பனா இல்லையா என்று அன்று யாரும் கேட்கவில்லை, நான்கூடக் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து இப்போதுதான் கேட்கிறேன்.

மறுபடி நான் சேர்ந்தது யாரும் சொல்லி அல்ல. ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற முத்துலட்சுமியின் மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போனவள், எனக்கும் ஒன்று வாங்கி வந்தேன். முதல் வருஷம் முழுக்க உன் அப்பா என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. “ஏட்டி, அந்தத் துண்டு எங்க? ஏட்டி, டார்ச்ச எங்க வச்ச? ஏட்டி, டிவி ரிமோட்டு?” எல்லாம் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். ஒரு நாள் புத்தகத்தை மூடாமலேயே சொன்னேன்: “எட்டு மணி வரைக்கும் நான் இந்த வீட்டுல இல்லன்னு நெனச்சுக்கிடுங்க. நான் செத்துப் போயிருந்தா துண்ட யாரு எடுத்துத் தருவா?” இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆறரைக்கு, வண்டியைத் துடைக்கிறேன் என்று வெளியே போனார். இப்போது தினமும் போகிறார். அந்த வண்டி அவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அறுபது வயது ஆளுக்குப் புரிந்தது. உனக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

போன தடவை நடந்ததை எடுத்துக்கொள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட், பேனா, தண்ணி பாட்டில் எல்லாம் பைக்குள் வைத்தாகிவிட்டது. ஏழரை மணிக்கு உன் போன். “யம்மா, என் மாமனார் வீட்ல எல்லாரும் மதுரையில இருந்து கன்னியாகுமரி போறாவ. பத்து பேரு. மத்தியானம் நம்ம வீட்டுக்கு வருதாவ. சாப்பாடு ரெடி பண்ணிரு.” எனக்கு இன்னைக்குப் பரீட்சைலே என்றேன். “அடுத்த தடவ எழுதிக்கிடலாம்லா. முத தடவையா வீட்டுக்கு வாராவ, நீ இல்லன்னா என்ன நெனப்பாவ?” என்றாய். நான் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். சாம்பார், அவியல், இரண்டு கூட்டு, வடை, பாயசம். பத்து மணிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு இலை நறுக்கிவைத்தேன். அவர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். “சாத்தூர் பக்கம் ஓட்டல்லயே எல்லாரும் சாப்பிட்டுட்டோம் சம்பந்தி, சும்மா தலையைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றார் உன் மாமனார். காப்பி குடித்தார்கள், கால் மணி நேரம் இருந்தார்கள், போனார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களிடம் என் பரீட்சையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் நீ போன் போட்டு, “வந்தாவளா? எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?” என்று கேட்டாய். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்துப் பேர் சோற்றையும் தெருவில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன் அப்போது.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று. இந்த முறை பரீட்சைத் தேதிகள் வந்ததும் அட்டவணையைப் படம் பிடித்து, நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ‘இந்த நாட்களில் எனக்குப் பரீட்சை, வேறு எதுவும் வைக்காதீர்கள்’ என்று எழுதியும் போட்டேன். நீ கட்டைவிரல் போட்டாய். பிறகு ஒரு மாசம் கழித்து, அதில் நாலாவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே பால் காய்ச்ச நாள் குறித்தாய்.

“அன்னைக்கு எனக்குப் பரீட்சைன்னு போட்டிருந்தேனேலே?”

“பார்த்தேம்மா, ஞாபகம் இல்ல. ஐயர் குறிச்சுக் குடுத்துட்டாரு. பத்திரிகையும் அனுப்பியாச்சு.”

“அப்போ நான் மறுவாரம் வாரேன். நீங்க பாலக் காய்ச்சுங்க.”

“என்ன பேச்சு பேசுத? அம்மா இல்லாம பாலு காய்ச்சுனா ஊரு சிரிக்காதா? இந்த வயசுல எழுதி நீ என்ன கலெக்டராவா ஆகப் போற?”

போனை வைத்துவிட்டேன். கலெக்டர் ஆக மாட்டேன் என்பது எனக்கும் தெரியும். பட்டம் வாங்கினாலும் மறுநாள் எட்டரைக்கு அதே பண்டல் பிரிவுக்குத்தான் போவேன். நீ புது வீடு வாங்கினாயே, அதை வைத்து என்ன ஆகப் போகிறாய் என்று நான் கேட்டேனா? உனக்கு ஆசை, உழைத்தாய், வாங்கினாய். எனக்கும் ஆசை. அதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு அவசியமில்லை.

உன் அப்பா சனிக்கிழமையே ரயிலேறினார். நான் ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் போனேன். வாசலில் நின்ற பையன் என்னைப் பார்த்ததும், “கூட வந்தவிய எல்லாம் வெளிய நில்லுங்கம்மா” என்றான். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். போட்டோவையும் என்னையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, “மன்னிச்சிருங்க, உள்ள போங்க” என்றான். போனை ஆஃப் பண்ணாமல் சத்தத்தை மட்டும் குறைத்து, பையை வெளியே வைத்தேன். வினாத்தாள் வந்தது. முதல் கால் மணி நேரம் என்னால் ஒரு எழுத்து எழுத முடியவில்லை. உன் வீட்டு அடுப்பும், பால் பொங்குவதும், என் இடத்தில் யாரோ நிற்பதும்தான் கண்ணுக்குள் வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே. எங்கே போவது? போய் யாருக்கு என்ன? அந்தக் கோபத்தில் பேனாவைத் திறந்தேன். பிறகு நிறுத்தவே இல்லை. கூடுதல் தாள் மூன்று முறை வாங்கினேன். மணி அடித்தபோதுதான் தலையைத் தூக்கினேன். வயசுக்கு வந்த நாளிலிருந்து, மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒருவரும் என்னை எதற்கும் கூப்பிடாமல் இருந்தது இந்தப் பரீட்சை அறைகளில்தான். கை வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்து போனைப் பார்த்தால், உன்னிடமிருந்து பதினாலு அழைப்பு. உன் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உடனே உன்னைக் கூப்பிட்டேன். “ஒண்ணுமில்ல, பால் பொங்குறத வீடியோவுல காட்டலாம்னு கூப்பிட்டேன். இப்ப கெஸ்ட் இருக்காவ, பெறகு பேசு” என்று வைத்துவிட்டாய். பத்து மணிக்கு நான் பரீட்சை எழுதப் போயிருக்கிறேன் என்று தெரிந்தே பதினாலு முறை கூப்பிட்டிருக்கிறாய். நான் பையைத் தோளில் மாட்டும்போதே அடுத்த போன். என் தம்பி பெண்டாட்டி. காலை டிபன் முடிந்ததும் உன் வீட்டிலிருந்து கிளம்பி ரயிலேறியவள், ரயிலிலிருந்து பேசினாள். “மதினி, காய்ச்சல் எப்படி இருக்கு? எந்திரிக்கவே முடியலையாமே, ஒங்க மகன் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டான்.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இப்பப் பரவாயில்ல” என்று சொன்னேன். உன் பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று, மூன்று மணி நேரம் பரீட்சை எழுதிய கையில் போனைப் பிடித்துக்கொண்டு, கல்லூரி வாசலில் நின்று, நானே எனக்குக் காய்ச்சல் என்று ஒத்துக்கொண்டேன். உன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, “எனக்குக் காய்ச்சல் இல்ல, நான் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ஒங்கிட்டப் பொய் சொன்னேன்” என்றேன். அவள், “நல்லா எழுதுனீங்களா மதினி?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை நீ இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

உன் அப்பா திரும்பி வந்து சொன்ன பிறகுதான் உன் கோபத்தின் காரணம் எனக்குத் தெரிந்தது. மத்தியானப் பந்தியில் உன் மேனேஜர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “அம்மாவுக்கு இப்போ காய்ச்சல் எப்படி இருக்கு?” என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். உன் அப்பாவுக்கு நீ ஒன்றும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. “காய்ச்சலா, யாருக்கு? அவ அங்கன பரீட்சை எழுதுதா சார். பி.ஏ. கடைசி வருசம். தீப்பெட்டி ஆபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு, வீட்டுலயும் ஆக்கிப் போட்டுட்டுப் படிக்கா” என்று, லாரி ஸ்டாண்டில் பேசுகிற சத்தத்தில் சொல்லிவிட்டார். பந்தியே திரும்பிப் பார்த்ததாம். மேனேஜர் எழுந்து வந்து உன் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னாராம். உன் முகம் சுண்டிப்போனதாம். இதை என்னிடம் சொல்லும்போது உன் அப்பா, “நான் தப்பாச் சொல்லிட்டேனாட்டி?” என்று கேட்டார். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை என்றேன்.

அன்று சாயங்காலம் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. ‘எல்லார் முன்னாலயும் என்னைப் பொய்யனாக்கிட்டீங்க. உனக்குப் பரீட்சை பெரிசா, நான் பெரிசா?’ உன்னைப் பொய்யனாக்கியது உன் அப்பா இல்லை, நீதான். இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்கிறேன், வருத்தப்படாதே. அன்று காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் பரீட்சைதான் பெரிசு. அந்த மூன்று மணி நேரம் உன்னைவிட, உன் அப்பாவைவிட, உன் வீட்டைவிட எனக்கு அது பெரிசு. ஒரு மணிக்குப் பிறகு மறுபடியும் நீ பெரிசு. நீ மருந்துக்கடை வேலையும் கல்லூரியுமாக இருந்தபோது, காலை ஐந்திலிருந்து ஏழு வரை உனக்கு நான் பெரிசா, உன் புத்தகம் பெரிசா? நான் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. நேரத்தைப் பிரித்துவைத்தால் பாசம் குறைந்துவிடாது. பாசத்தைச் சொல்லி நேரத்தைப் பிடுங்கினால்தான் எல்லாம் குறைகிறது.

உன் எம்.பி.ஏ.வுக்கும் சொல்கிறேன், எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள். படிக்க விட மாட்டேன் என்கிறார்கள் என்று உலகத்தை வைதுகொண்டிருக்காதே. நீ படிக்கிறாய் என்பதை முதலில் வாயைத் திறந்து சொல், கூச்சப்படாமல் சொல். நான் சொல்லாமல் இரண்டு வருஷம் கெட்டேன். எழுந்துதான் ஆக வேண்டும் என்றால், எழுவதற்கு முன்னால் என்ன நினைத்துக்கொண்டிருந்தாயோ அதை அரை வரியாவது தாளில் கிறுக்கிவிட்டு எழு, திரும்பி வரும்போது வழி தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கிற அரை மணியில் நான் புதுப் பாடம் தொட மாட்டேன், நேற்றுப் படித்ததை முத்துலட்சுமியிடம் கதை மாதிரி சொல்லிவிடுவேன். முதலில் கொட்டாவி விட்டவள், இப்போது ‘நேத்து அந்த ராசா செத்தானா இல்லையாக்கா?’ என்று அவளே கேட்கிறாள். ஆறரைக்கு என் போன் இப்போது உன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. டிராஃபிக்கில் போரடித்தால் அவரோடு பேசு. அவரும் வண்டியைத் துடைத்து முடித்துவிட்டுச் சும்மாதான் நிற்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் இத்தனை வருஷத்தில் பேச ஒன்றுமே இல்லாமல் போனதற்கு, நடுவில் எல்லாவற்றுக்கும் நானே ஓடி வந்ததுகூட ஒரு காரணம்.

பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. ஒரு தாளில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. போனால் மறுபடி எழுதுவேன். தேறினால் எம்.ஏ. சேருவேன். இரண்டில் எது நடந்தாலும் என் ஆறரை மணி என்னிடம்தான் இருக்கும்.

பொங்கலுக்கு ஆபீசில் விடுமுறை. நானும் அப்பாவும் பெங்களூருக்கு வருகிறோம், நாலு நாள். நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, வருகிறோம். உன் புது வீட்டில் மூன்று அறை இருக்கிறதாமே. அதில் ஒன்றில் தினமும் சாயங்காலம் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். உன் மாமனார் வீட்டிலிருந்து வருவார்கள், உன் ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள், வரட்டும். யாராவது உன்னிடம் “அம்மா எங்கே?” என்று கேட்பார்கள். தலைவலி என்று சொல்லாதே, தூங்குகிறாள் என்று சொல்லாதே, குரலைத் தாழ்த்தாதே. ‘படிக்கிறாள்’ என்று சொல். கதவுக்கு உள்ளே இருக்கிற எனக்குக் கேட்கும்படியாகச் சொல்.